கடைசி ஆணிக்காக முதல் குழி

வெலோட்ரோம் என்கிற சைக்கிள் பந்தய அரங்கம் கட்டுகிற இடத்துக்குத் தச்சர்கள் கடைசியில்தான் வருவார்கள். குழி தோண்டி, அடித்தளத்துக்குப் பைல் தூண்கள் இறக்கி, இரும்பை நிறுத்தி, கூரையை மூடி, உள்ளே வெப்பமும் ஈரமும் ஒரு நிலைக்கு வந்த பிறகே அவர்களுக்கு அங்கே வேலை. ஆனால் முதல் குழியை எந்த வடிவத்தில் தோண்டுவது என்பதைத் தீர்மானிப்பது அவர்கள் கடைசியில் ஆணி அடிக்கப்போகும் அந்த மரப்பாதைதான். மற்ற விளையாட்டரங்கங்களில் கட்டடத்தைக் கட்டி அதற்குள் தளத்தைப் போடுவார்கள். வெலோட்ரோமில் தளத்தை முதலில் காகிதத்தில் முடித்துவிட்டு, அதைச் சுற்றிக் கட்டடத்தை வளர்க்க வேண்டும். லண்டன் 2012 ஒலிம்பிக்குக்காக நகரின் கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம் கட்டிய அரங்கத்தைப் படிப்படியாகப் பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

முதல் படி ஒரு எண்: 250 மீட்டர். ஒலிம்பிக், உலக சாம்பியன்ஷிப் பந்தயங்களுக்குச் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் கேட்கும் சுற்றளவு அது. நாலு சுற்று ஒரு கிலோமீட்டர். பாதையின் அகலம் 7 மீட்டருக்குக் குறையக் கூடாது. பழைய காலத்தில் இந்த அளவெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். 1948 லண்டன் ஒலிம்பிக் நடந்த ஹெர்ன் ஹில் பாதை கூரையே இல்லாத திறந்தவெளிப் பாதை. 250 மீட்டரைவிட நீளமானது. இன்று அப்படியொன்றை வைத்துக்கொண்டு ஒலிம்பிக் நடத்த முடியாது.

நீளம் முடிவானதும் சாய்வு. லண்டனில் நேர்ப்பகுதியில் 12 டிகிரி, வளைவில் 42 டிகிரி. 42 டிகிரி என்று படிக்கும்போது பெரிதாகத் தெரியாது. வளைவின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் பாதை என்றே தோன்றாது, சுவர் என்றுதான் தோன்றும். ஏன் 42? வளைவின் ஆரத்தை ஏறத்தாழ 22 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அந்தச் சாய்வில் மரத்துக்குச் சரியாகச் செங்குத்தாக இருப்பார். டயரைப் பக்கவாட்டில் எதுவும் இழுக்காது. 70-ல் பறக்கும் ஸ்பிரிண்ட் வீரரை வளைவு மேல்நோக்கித் தள்ளும். சுமார் 30-க்குக் கீழே இறங்கிவிட்டவரைக் கீழே சறுக்கிவிடப் பார்க்கும். இரண்டையும் டயரின் பிடிப்புதான் சமாளிக்க வேண்டும். மெதுவாகப் போகிறவருக்கும் வேகமாகப் போகிறவருக்கும் நடுவில் பேசி முடித்த ஒரு சமரசம்தான் அந்த 42.

உண்மையான வித்தை சாய்வில் இல்லை, சாய்வு மாறும் இடத்தில் இருக்கிறது. 12 டிகிரியிலிருந்து 42-க்குச் சில பத்து மீட்டருக்குள் ஏற வேண்டும், மறுபடி இறங்க வேண்டும். அந்த ஏற்றம் திடுக்கென்று இருந்தால் சைக்கிள் துள்ளும். இழுத்து நீட்டினால் வளைவுக்குள் நுழையும் வேகம் வீணாகும். இதை வரைவதற்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே இருக்கிறார்கள். ஜெர்மனியின் மியூன்ஸ்டரில் சுர்மான் குடும்பம் மூன்று தலைமுறையாக இதைச் செய்கிறது. லண்டன் பாதையை வரைந்தவர் ஆஸ்திரேலியரான ரான் வெப். தானே பந்தயம் ஓட்டியவர், சிட்னி, ஏதென்ஸ் ஒலிம்பிக் பாதைகளும் அவர் கைவேலைதான். கட்டடத்தை வடிவமைத்த ஹாப்கின்ஸ் நிறுவனமும் எக்ஸ்பெடிஷன் பொறியாளர்களும் பெரிய பெயர்கள். ஆனாலும் என்னைக் கேட்டால், மேலே போகிற அத்தனைக்கும் அடிப்படையான கோட்டைப் போட்டவர் வெப்தான்.

கோடு போட்டாயிற்று என்றதும் மண்வெட்டியை எடுத்துவிடவில்லை. ஓட்டுபவர்களைக் கேட்டார்கள். ஒலிம்பிக் சாம்பியன் கிறிஸ் ஹோய் வடிவமைப்பு ஆலோசனையில் உட்கார்ந்தவர். வளைவுகளில் இருக்கைகள் இல்லாமல் விட்டால் கூட்டத்தின் சத்தம் விட்டுவிட்டுத்தான் கேட்கும், பாதை முழுக்கச் சுற்றிலும் ஆட்கள் இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அதன்படி கீழடுக்கில் 3,500 இருக்கைகள் பாதையை ஒரு இடமும் விடாமல் சுற்றி வந்தன. மீதி 2,500 இருக்கைகள் இரண்டு நேர்ப்பகுதிகளுக்கும் மேலே, கூரையோடு ஒட்டிய மேலடுக்கில். இரண்டு அடுக்குக்கும் நடுவே சுற்றிவரக் கண்ணாடி. வெளியே போகிறவர்கள் நடந்தபடியே உள்ளே பந்தயத்தைப் பார்க்கலாம். ஆறாயிரம் பேர் என்பது ஒலிம்பிக்குக்குச் சின்னக் கணக்கு. ஆனால் போட்டி முடிந்த பிறகு அந்த ஊருக்கு எவ்வளவு தேவையோ அதற்குத்தான் கட்டினார்கள்.

இனி மண். இடம் லேசுப்பட்டதல்ல. அந்தப் பகுதியில் ஈஸ்ட்வே என்ற சைக்கிள் சுற்றுப்பாதை 1975 முதல் இருந்தது. ஒலிம்பிக்குக்காக அதை மூடினார்கள். அதற்கு முந்தைய காலத்தில் அங்கே குப்பை கொட்டினார்கள். குப்பைமேட்டின் மேல் எதைக் கட்டினாலும் உட்கார்ந்துவிடும். ஆகவே 900-க்கும் மேற்பட்ட பைல்களை 26 மீட்டர் ஆழம்வரை இறக்கினார்கள். கிண்ணம்போல் பள்ளம் எடுக்கச் சுமார் 48,000 கன மீட்டர் மண்ணை அள்ளினார்கள். பாதையின் கீழ்விளிம்பு எந்த மட்டத்தில் வரும், மேல்விளிம்பு எந்த மட்டத்தில் வரும் என்று காகிதத்தில் முடிவாகியிருந்ததால் பள்ளத்தின் ஆழமும் முடிவாகியிருந்தது. கட்டுமானம் 2009 தொடக்கத்தில் ஆரம்பித்தது. பள்ளத்தைச் சுற்றிக் கான்கிரீட்டும் அதன்மேல் எஃகுச் சட்டங்களும் எழுந்தன. அந்தப் பகுதி எந்தப் பெரிய கட்டடத்திலும் பார்க்கக்கூடியதுதான்.

கூரை அப்படியில்லை. வழக்கமாக இவ்வளவு அகலத்துக்கு எஃகு வளைவுகளை நிறுத்திக் கூரை போடுவார்கள். லண்டனில் அதற்குப் பதிலாக எஃகு வடங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி வலையாக இழுத்தார்கள். நம் ஊர்க் கயிற்றுக் கட்டில் எப்படி நிற்கிறதோ அதே தத்துவம்: கயிறு இழுக்கிறது, நாலு சட்டமும் அந்த இழுப்பை வாங்கிக்கொள்கின்றன. கட்டிலில் சட்டம் நேராக இருக்கும். இங்கே சட்டமே ஏறி இறங்கி வளைகிறது. நேர்ப்பகுதிகளுக்கு மேலே, மேலடுக்குக்கு இடம்விட்டு உயர்கிறது; வளைவுகளின் மேலே தாழ்கிறது. ஒரு திசையில் வடம் தொய்ந்து தொங்க, மறு திசையில் மேல்நோக்கி வளைந்து அதைக் கீழே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பிடிப்பதால் காற்று அடித்தாலும் வலை படபடக்காது. லண்டன்வாசிகள் அந்த வடிவத்தைப் பார்த்துப் பிரிங்கிள்ஸ் சிப்ஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

செய்த முறையும் கவனிக்கத்தக்கது. 36 மில்லிமீட்டர் தடிமனுள்ள வடங்கள் இரண்டிரண்டாக, 3.6 மீட்டர் இடைவெளியில். மொத்தம் சுமார் 16 கிலோமீட்டர். வலையை உயரத்தில் நின்று பின்னவில்லை. கீழே கிண்ணத்திலேயே விரித்து, குறுக்கிடும் ஒவ்வொரு முடிச்சிலும் இறுக்கிக் கவ்விவைத்து, பிறகு சுற்றியிருக்கும் சட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுத்தார்கள். பிறகு பட்டறையில் முன்கூட்டியே செய்துவைத்த மரப் பலகைத் தொகுதிகளை அந்தக் கட்டங்களில் பொருத்தினார்கள். கூரையின் எடை ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவில்தான் வந்தது. இந்த வகை மூடிய அரங்கங்களுக்கு வழக்கமாக வரும் எடையில் ஏறக்குறையப் பாதி. வடத்தின் இழுப்பைத் தாங்கத் தனியாக ஒரு பூதாகாரமான வளையம் கட்டவில்லை. மேலடுக்கு இருக்கைகளைத் தாங்கும் எஃகும் கீழே இருந்த கான்கிரீட்டும் சேர்ந்தே அந்த வேலையையும் செய்தன. எப்படியும் தேவைப்படும் பொருளுக்கு இன்னொரு வேலையும் கொடுப்பதுதான் கெட்டிக்காரத்தனமான பொறியியல். வெளியே சீடர் பலகைகளைப் போர்த்தினார்கள், மேலே வெளிச்சம் வரக் கண்ணாடிப் பட்டைகள் வைத்தார்கள், கூரைத் தண்ணீரைச் சேமிக்க ஏற்பாடு செய்தார்கள். இவையெல்லாம் சிறப்புத்தான், ஆனால் பந்தயத்துக்கு இவற்றால் ஒரு நொடி கூடுவதுமில்லை குறைவதுமில்லை.

நொடி குறைவது காற்றில். பாதை மட்டத்தில் வெப்பம் 28 டிகிரி செல்சியஸ் என்று திட்டமிட்டார்கள். குளிருக்காக அல்ல. காற்று சூடானால் லேசாகும். 18 டிகிரிக் காற்றைவிட 28 டிகிரிக் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைவு. இந்த வேகத்தில் ஓட்டுபவர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது என்பதால் அந்த 3 சதவீதம் அல்பமில்லை. கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வீசினால் கெட்டது. ஆகவே கதவுகளும் அதற்கேற்ற மாதிரி.

கூரை மூடி, உள்ளே காற்று பதமான பிறகுதான் மரம் வரும். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஈரக் கட்டடத்தில் பாதையைப் போட்டுவிட்டுப் பிறகு சூடேற்றினால் இடுக்கு விழும், பட்டை முறுக்கும். அதனால்தான் தச்சர் கடைசி ஆள். அதனாலேயே, கட்டடவேலை தாமதமானால் அவருடைய நாட்களைத்தான் வெட்டுவார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அதுதான் நடந்தது: வெலோட்ரோம் வேலை இழுத்துக்கொண்டே போய், மரப்பாதை உரிய நேரத்தில் முடியாமல், முன்னோட்டப் பந்தயத்தையே ரத்து செய்தார்கள்.

லண்டனில் அந்த நெருக்கடி இல்லை. வந்தது சைபீரியப் பைன். குளிர்ப் பிரதேசத்தில் மெதுவாக வளர்ந்த மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், முடிச்சு குறைவு, நீளமாக நேராகக் கிடைக்கும். முதலில் சாய்வைத் தாங்க மர டிரஸ்களை வரிசையாக நிறுத்தினார்கள். நேர்ப்பகுதியில் நிற்பவை ஒன்றுபோல் இருக்கலாம். வளைவுக்குள் ஏறும் பகுதியில் ஒவ்வொரு டிரஸ்ஸுக்கும் கோணம் வேறு. அளவுக் கருவியை வைத்துச் சரிபார்த்துச் சரிபார்த்துத்தான் அடுத்ததை நிறுத்த முடியும். வெப் காகிதத்தில் போட்ட கோடு இங்கே முதன்முறையாகக் கையால் தொடக்கூடிய பொருளாகிறது.

டிரஸ்களின்மேல் மரப்பட்டைகள். நம் தச்சர்கள் ரீப்பர் என்று சொல்கிற மாதிரிக் குறுகலான நீளப் பட்டைகள்தான். அகலப் பலகைகள் அல்ல. அகலப் பலகையை இரண்டு பக்கமாக ஒரே நேரத்தில் வளைக்க முடியாது. குறுகலான பட்டை முறுக்கும், வளையும், சொன்னபடி கேட்கும். பட்டைகள் ஓட்டும் திசையிலேயே கிடக்கும். அப்போதுதான் டயர் இடுக்கைக் குறுக்கே கடக்காது. மொத்தம் 56 கிலோமீட்டர் பட்டை போட்டார்கள். அந்த எண்ணைச் சும்மா 250-ஆல் வகுத்துப் பாருங்கள்: 224. அதாவது உள்விளிம்பிலிருந்து மேல்விளிம்புவரை இருநூற்றுச் சொச்சம் வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் சில சென்டிமீட்டர் அகலம்தான் வருகிறது. பக்கத்துப் பட்டையின் முனையும் இந்தப் பட்டையின் முனையும் ஒரே இடத்தில் சேராமல் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் பக்கத்ததோடு நெருக்கித் தள்ளி, டிரஸ்ஸில் ஆணி அடித்து, அடுத்ததற்குப் போக வேண்டும். 26 தச்சர்கள் எட்டு வாரம் வேலை செய்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேல் ஆணிகள். நெயில் கன் இருக்கிறதே என்று எளிதாக நினைக்கலாம். ஆனால் 42 டிகிரிச் சரிவில் கால் ஊன்றிக்கொண்டு, நாள் முழுக்க முதுகை வளைத்து அதைப் பிடித்திருப்பதைக் கற்பனை செய்தால் அந்த எட்டு வாரம் குறைவு என்று புரியும்.

பட்டை முடிந்ததும் மேற்பரப்பைச் சமன்செய்ய வேண்டும். ஒரு பட்டை அடுத்ததைவிட ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருந்தாலும் ஒல்லியான, காற்று கெட்டியாக அடைத்த டயருக்கு அது தெரிந்துவிடும். தேய்த்துச் சமன்செய்கிறார்கள், ஆனால் வழுக்குகிற மாதிரி மெருகேற்றுவதில்லை. சாய்வில் பிடிப்பு வேண்டும். மரத்தை மரமாகவே விடுவது இங்கே அழகுக்காக அல்ல.

அடுத்துக் கோடுகள். கீழ்விளிம்பை ஒட்டி ஒரு வெளிர்நீலப் பட்டை. அது பந்தயப் பாதையில் சேர்த்தியில்லை. அதற்கு மேலே உள்விளிம்பிலிருந்து 20 சென்டிமீட்டரில் கறுப்புக் கோடு. 250 மீட்டர் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கோட்டின் நீளத்தைத்தான். அடுத்து 85 சென்டிமீட்டரில் சிவப்பு ஸ்பிரிண்டர் கோடு. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஓடி முன்னணியில் இருப்பவரைக் கடைசிப் பாய்ச்சலில் உள்பக்கமாக முந்தக் கூடாது. அதற்கும் மேலே நீலக் கோடு. இருவர் சேர்ந்து மாறி மாறி ஓட்டும் மேடிசன் பந்தயத்தில் ஓய்வெடுக்கும் கூட்டாளி அதற்கு மேலேதான் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார். வளைவில் கறுப்புக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் மேலே ஏறி ஓட்டினால் ஒரு சுற்றுக்கு நாலைந்து மீட்டர் கூடுதலாக ஓட்ட வேண்டிவரும். தெரிந்தவர்கள் கோட்டிலிருந்து விலகுவதில்லை.

இந்தக் கறுப்புக் கோட்டை நில அளவையாளர்கள் அளந்து சான்றளித்த பிறகே அங்கே செய்யும் சாதனை சாதனையாகும். இதில் என்ன கண்டிப்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2012 ஆகஸ்ட் 3 அன்று பிரிட்டன் ஆண்கள் குழு 4 கிலோமீட்டர் அணித் துரத்தலை 3 நிமிடம் 51.659 நொடியில் முடித்து உலக சாதனை வைத்தது. 16 சுற்று, சராசரி வேகம் மணிக்கு 62 கிலோமீட்டர். பாதை ஒரு சுற்றுக்கு வெறும் 5 சென்டிமீட்டர் குட்டையாக இருந்திருந்தால் 16 சுற்றில் 80 சென்டிமீட்டர் மிச்சம். நேரத்தில் அது ஏறத்தாழ 0.046 நொடி. ஆயிரத்தில் ஒரு நொடிவரை நேரம் எழுதும் விளையாட்டில் ஆயிரத்தில் 46 பங்கு என்பது பெரிய தொகை.

அரங்கம் 2011 பிப்ரவரியில் முடிந்தது. ஒலிம்பிக் பூங்காவில் முதலில் கட்டி முடிந்த விளையாட்டரங்கம் அது. ஹோய் உட்பட பிரிட்டிஷ் வீரர்கள் அப்போதே சுற்றிப் பார்த்தார்கள். ஓராண்டு கழித்து உலகக் கோப்பைப் பந்தயம் முன்னோட்டமாக நடந்தது. 2012 ஆகஸ்டில் பத்துத் தங்கத்தில் ஏழு பிரிட்டனுக்குப் போயின. ஹோய் தன் ஆறாவது ஒலிம்பிக் தங்கத்தை அங்கேதான் வாங்கினார்.

மரப்பாதை என்றால் அதன் குணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லண்டன் அரங்கம் திறந்த அதே 2011 பிப்ரவரியில், மான்செஸ்டர் உலகக் கோப்பையின் கெய்ரின் பந்தயத்தில் மலேசியாவின் அஸிஸுல்ஹஸ்னி அவாங் விழுந்தார். சுமார் 20 சென்டிமீட்டர் நீள மரச்சிம்பு அவர் கெண்டைக்காலில் ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வந்திருந்தது. மனிதர் எழுந்து சைக்கிளில் ஏறி மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தார். ஆகவே பராமரிப்பில் முதல் வேலை, ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்து, சிம்பு எழுந்திருந்தால் நீக்கி, தேவைப்பட்டால் பட்டையை மாற்றுவது. அடுத்த கவலை மேல்விளிம்பின் தடுப்பு. 2022 காமன்வெல்த் போட்டி பர்மிங்ஹாமில் நடந்தாலும் பாதைப் பந்தயங்களை இந்த லண்டன் அரங்கத்தில்தான் வைத்தார்கள். அங்கே இங்கிலாந்தின் மேட் வால்ஸ் வளைவில் தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர்கள்மேல் போய் விழுந்தார். பார்வையாளர்களுக்கும் காயம்; அன்றைய அமர்வை நிறுத்தினார்கள். பாதையை ஒட்டியே ஆட்களை உட்கார வைத்தால் சத்தம் நன்றாக வரும் என்ற பழைய கணக்கின் மறுபக்கம் அது.

போட்டி முடிந்த பிறகு என்ன செய்வது என்பதும் கட்டுமானத்தின் ஒரு படிதான். பலர் அதைக் கடைசியில் யோசிக்கிறார்கள். மாண்ட்ரியல் 1976-க்குக் கட்டிய வெலோட்ரோம் 1992-ல் பயோடோம் ஆகி, இன்று அங்கே பென்குயின்கள் இருக்கின்றன. அட்லாண்டா 1996-ல் ஸ்டோன் மவுண்டனில் தற்காலிகப் பாதை போட்டுப் பிரித்துவிட்டார்கள். ரியோவில் 2017-ல் பறந்துவந்து விழுந்த காகித விளக்கொன்று கூரையைக் கொளுத்தியது. டெல்லியிலும் 2010 காமன்வெல்த் போட்டிக்காக இந்திரா காந்தி அரங்க வளாகத்தில் மரப்பாதை வெலோட்ரோம் கட்டினார்கள். ஆசிய சைக்கிள் சாம்பியன்ஷிப் பந்தயங்கள் அங்கே நடந்திருக்கின்றன. இப்படிப் பார்க்கும்போது, அடிக்கடி பந்தயம் நடக்காத ஊரில் பிரித்தெடுக்கும்படிப் போடுவதே நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது.

லண்டனில் அரங்கத்தைச் சுற்றி 1.6 கிலோமீட்டர் சாலைப் பாதை, மலை சைக்கிள் தடங்கள், மாற்றியமைத்த பிஎம்எக்ஸ் மேடு எல்லாம் சேர்த்து 2014 மார்ச்சில் லீ வேலி வெலோபார்க் என்று பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்று யார் வேண்டுமானாலும் பணம் கட்டி அந்தப் பாதையில் ஓட்டலாம். புதியவருக்கு வாடகை சைக்கிள் கொடுப்பார்கள். அதில் பிரேக் இருக்காது, பெடலை நிறுத்தினால் பின்சக்கரமும் நிற்கப் பார்க்கும். முதலில் உள்ளே தட்டையான பகுதியிலும் வெளிர்நீலப் பட்டையிலும் சுற்றவிட்டு, பிறகு கறுப்புக் கோடு, அதற்குப் பிறகு நீலக் கோடு என்று பயிற்சியாளர் மேலே ஏற்றுவார். கூட்டத்தோடு ஓட்ட ஆசைப்பட்டால் படிப்படியான தேர்ச்சிகளை முடித்துக் காட்ட வேண்டும். வளைவை நெருங்கும்போது பயந்து மெதுவாகப் போகிறவரைப் பார்த்துப் பயிற்சியாளர் சொல்வது ஒன்றுதான்: இன்னும் வேகமாக மிதியுங்கள்.